வெஸ்ட்மினிஸ்டர் பூங்காவில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

ஒருவர் பெயரை உலகில் நிலைபெறச் செய்ய மனிதர் கண்ட வழிகள் பல. கோபுரம் எழுப்பினர், சிலை நாட்டினர், ஊருக்கும் தெருவுக்கும் பெயர் சூட்டினர். இவை யாவற்றினும் தண்ணீரைக் கொண்டு பெயர் நிறுத்திய வழி நம்மவர்க்கு மிகப் பழக்கமானது. திங்களூரிலே அப்பூதியடிகள் தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த வரலாற்றைப் பெரிய புராணம் படித்த பிள்ளைகளும் அறிவர். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் நிற்கும் சுமைதாங்கிகளும், அவற்றின் அருகே கிடக்கும் ஆவுரஞ்சிக் கற்களும், மாடுகள் நீர் குடிக்கும் தொட்டிகளும் இறந்தார் ஒருவர் நினைவாக வைக்கப்பட்டவையே. அவற்றிற் பெயர் எழுதுவது அரிது. ஊரார் நினைவிலிருந்து பெயர் போனபின்னும் தண்ணீர் நின்றது.

இத்தகைய எண்ணத்தோடு இலண்டன் மாநகரில் எழுந்த ஒரு குடிநீர் ஊற்றின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். தொடர்பு உண்டு, அஃது அவ்வளவு மகிழ்ச்சியான தொடர்பன்று.

தேம்ஸ் நதியின் கரையிலே, பிரித்தானியப் பாராளுமன்ற மாளிகைக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் சிறு பூங்கா விக்டோரியா கோபுரப் பூங்கா எனப்படும். மாளிகையின் தென்மேற்கு மூலையில் வானளாவி நிற்கும் கோபுரத்தாற் பெற்ற பெயர் அது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிச் சிறை சென்ற எமலின் பாங்கேர்ஸ்ட் அம்மையாரின் சிலை அங்கே உண்டு. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த 'கலே நகர மாந்தர்' என்னும் வெண்கலச் சிற்பத்தின் வார்ப்பொன்றும் உண்டு. பூங்காவின் நடுவே எண்கோண வடிவிலே, தேரின் முடிபோல நிறம் நிறமான கூம்புக் கூரையுடன் நிற்கும் மண்டபமே பக்ஸ்டன் நினைவு ஊற்று.

கட்டடச் சிற்பி சாமுவேல் சாண்டேர்ஸ் டியூலன் இதனை வரைந்தவர். அடக்கமான வேலைப்பாட்டுக்கு அவர் பெயர் போனவரல்லர். நடுவே பருத்த தூண். அதைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சிறு தூண்கள். எட்டுப் பக்கமும் கூரிய வளைவுகள். உள்ளே நீர் வந்து விழுதற்குக் கருங்கற் தொட்டிகள் நான்கு. கூரை மரச்சட்டத்தின்மேல் வண்ண எனாமல் பூசிய இரும்புத் தகடுகளால் வேயப்பட்டது. மூலைக் கூம்புகளில் இங்கிலாந்தை ஆண்டவர்களின் வெண்கல உருவங்கள் எட்டு இருந்தன. பண்டைப் பிரித்தானியத் தலைவன் கரக்டக்கஸ் முதல் விக்டோரியா மகாராணி ஈறாக வரிசை வைத்திருந்தார்கள். ஆயிரத்து இருநூறு பவுண் செலவாயிற்று. அக்காலத்தில் அஃது ஒரு சிறு செல்வம். ஒரு மிடறு தண்ணீருக்கு இத்துணை அலங்காரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால், அந்த ஊற்று தண்ணீரைவிட வேறொன்றைச் சொல்லவே கட்டப்பட்டது.

அது சொல்வது இது: 1807 ஆம் ஆண்டில் அடிமை வியாபாரத்தைப் பிரித்தானியா விலக்கியதற்கும், 1834 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அடிமைகள் விடுதலை பெற்றதற்கும் பாடுபட்டோர் நினைவுச் சின்னம் அது. வில்பர்போர்ஸ், கிளாக்சன், மக்காலே, புரூம், லஷிங்ரன் ஆகியோரும், அவர்களோடு சேர் தோமஸ் பவல் பக்ஸ்டன் அவர்களும் இதனால் நினைக்கப்படுகின்றனர். கட்டுவித்தவர் தோமஸ் பக்ஸ்டனின் புதல்வரும் பாராளுமன்ற உறுப்பினருமான சாள்ஸ் பக்ஸ்டன். ஆண்டு 1865. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் முடிந்து, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்த ஆண்டும் அதுவே.

மைந்தன் தந்தைக்குச் சிலை வைத்திருக்கலாமே, ஏன் தண்ணீர் வைத்தான்? இதற்கு அக்காலத்து இலண்டனைச் சிறிது அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மாநகரில் நல்ல குடிநீர் ஏழைக்கு எட்டாக் கனி. தண்ணீர் விற்றவை தனியார் கம்பனிகள். தேம்ஸ் நதியோ நகரின் மலசல நீர் முழுவதையும் சுமந்து சென்றது. வாந்திபேதி நோய் மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக் கணக்கானோரைக் கொண்டு சென்றது. 1854 ஆம் ஆண்டில் சோகோ பகுதியில் அந்நோய் மூண்டபோது, வைத்தியர் ஜோன் சினோ இறந்தோர் வீடுகளைத் தேடிக் கணக்கெடுத்து, அவர்கள் பெரும்பாலும் புரோட் தெருவிலுள்ள ஒரே குழாய்க் கிணற்றில் நீர் குடித்தோர் எனக் கண்டார். அக்கிணற்றின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதே தெருவிலிருந்த மதுச்சாலையில் வேலை செய்தோரை நோய் அணுகவில்லை; அவர்கள் தண்ணீருக்குப் பதிலாகத் தங்கள் முதலாளி கொடுத்த பியரைக் குடித்தார்களாம். தண்ணீரைவிட மது நலமென்று கண்ட காலம் அது!

இந்நிலையை மாற்றவேண்டுமென எழுந்தவர்களுள் ஒருவர் சாமுவேல் கேர்னி. அவர் தொடங்கிய இலவசக் குடிநீர் ஊற்றுச் சங்கம் 1859 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆந் திகதி புனித செபல்கர் தேவாலயத்தின் மதிலிலே இலண்டனின் முதல் இலவச ஊற்றைத் திறந்து வைத்தது. சங்கிலியிற் கட்டிய குவளை ஒன்று தொங்கியது. குடித்தபின் அதனை அவ்விடத்திலே விடுக என்று கல்லில் எழுதியிருந்தது. நாளொன்றுக்கு 7,000 பேர் வரை அங்கே நீர் குடித்தனர் எனப் பேசப்பட்டது. கனவானும் கூலியாளும் ஒரே குவளையைத் தூக்கினர். பின்னர் 1867 இல் அச்சங்கம் தன் பெயரோடு மாட்டுத் தொட்டியையும் சேர்த்துக் கொண்டது. வண்டி மாடும் குதிரையும் நீரின்றி வாடுவதை அவர்களும் கண்டார்கள். நம் முன்னோர் ஆவுரஞ்சிக் கல்லின் பக்கத்தே தொட்டி வைத்த கருத்தும் இதுவன்றோ?

இந்தச் சாமுவேல் கேர்னி யார்? தோமஸ் பக்ஸ்டனின் மனைவி ஹன்னா அம்மையார் கேர்னி குடும்பத்துப் பெண். அவருடைய தம்பி மகனே இவர். சிறைச்சாலைகளைச் சீர்திருத்திய எலிசபெத் பிறை அம்மையார் ஹன்னாவின் உடன்பிறந்தவர். ஆகவே, சாள்ஸ் பக்ஸ்டன் தம் தந்தைக்கு ஊற்று வைத்தபோது மாமன் மகன் தொடங்கிய இயக்கத்தின் வழியையே கைக்கொண்டார். ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பக்ஸ்டன் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? ட்றூமன், ஹன்பரி, பக்ஸ்டன் என்னும் பெயர்பெற்ற மதுச்சாலையிலிருந்து. தந்தையும் அதிலே பங்காளி; மகனும் பங்காளி. ஊற்று வைத்தோர் பலர் ஏழைகளை மதுக்கடையிலிருந்து மீட்பதற்கே தண்ணீர் வைத்தனர். மது விற்ற பணத்தாலும் தண்ணீர்ப் பந்தல் எழுந்தது. உலகியல் இப்படித்தான் இருக்கிறது.

இனித் தந்தையின் பணியைப் பார்ப்போம். 1807 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளைக் கப்பலேற்றி விற்பதை மட்டுமே தடுத்தது. ஏற்கெனவே மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் அடிமைகளாகவே இருந்தனர். அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அடிமைகளாகவே பிறந்தனர். வில்பர்போர்ஸ் முதுமையுற்றபோது பாராளுமன்றத்தில் அப்பணியைத் தோமஸ் பக்ஸ்டன் ஏற்றார். 1823 ஆம் ஆண்டு மே மாதத்தில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டுமென்று அவர் பிரேரணை கொண்டுவந்தார். 'படிப்படியாக' என்ற சொல்லைக் கவனிக்க. அடுத்த ஆண்டிலேயே எலிசபெத் ஹெயிரிக் என்னும் மாது ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, படிப்படியாக அன்று, உடனே விடுதலை வேண்டும் என வாதாடினார். ஆடவர் தயங்கி நிற்கப் பெண்கள் சங்கங்கள் அமைத்து வீடு வீடாகச் சென்று, அடிமைகள் விளைவித்த சீனியை வாங்காதீர் என வேண்டினர். 1833 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு இலட்சத்து எண்பத்தேழாயிரம் பெண்களுக்கு மேல் ஒப்பமிட்ட விண்ணப்பம் பாராளுமன்றத்துக்கு வந்தது. தாள்களை ஒட்டிச் சுருட்டிய அப்பாரத்தை நால்வர் கூடித் தூக்கிச் சென்றனர். அதைத் திரட்டி முதல் ஒப்பம் வைத்தோருள் தோமஸின் மகள் பிரிசில்லா ஒருத்தி. அடிமைகள் விடுதலை பெற்ற 1834 ஆகஸ்ட் முதலாந் திகதியிலேயே அவளுடைய திருமணமும் நடந்தது. தம்பி எழுப்பிய ஊற்றின் பெயர் வரிசையில் அவளுக்கு இடமில்லை.

அவ்வரிசையில் இல்லாதோர் இன்னும் பலர். அடிமைகளே இல்லை! சிறு வயதில் அடிமைப்பட்டு, பின் தன் விலையைத் தானே கொடுத்து மீண்டு, 1789 இல் தன் வரலாற்றை எழுதி இங்கிலாந்தெங்கும் கொண்டு சென்று விற்றவர் ஒலாடா எக்கியானோ. 1831 இல் மேரி பிறின்ஸ் என்னும் கறுப்பினப் பெண் தன் கதையைச் சொல்லி எழுதுவித்தாள். பிரித்தானியாவில் அச்சேறிய கறுப்பினப் பெண்ணொருத்தியின் முதல் வாழ்க்கைக் கதை அதுவே. அதே ஆண்டு நத்தார்ப் பண்டிகையை ஒட்டி யமேக்காத் தீவில், சாம் சார்ப் என்னும் சபைப் போதகரின் தலைமையில் ஆயிரக் கணக்கான அடிமைகள், கூலியின்றி வேலை செய்யோம் என மறுத்து நின்றனர். வேலைநிறுத்தம் கலகமாயிற்று. கலகம் அடக்கப்பட்டபின் முந்நூறு பேருக்கு மேல் மரண தண்டனை பெற்றனர்; 1832 மே மாதத்தில் சாம் சார்ப்பும் தூக்கிலிடப்பட்டார். அதன்பின்னர்தான் இலண்டனில் மந்திரிமார், அடிமைகளை இனி அடக்கி வைப்பது விடுவிப்பதிலும் ஆபத்தானது என உணர்ந்தனர். சட்டம் 1833 இல் வந்ததற்குப் பக்ஸ்டனின் பேச்சும் காரணம், சாம் சார்ப்பின் கழுத்தில் விழுந்த கயிறும் காரணம். பின்னதைச் சொல்லும் கல் அந்த மண்டபத்திற் பதிக்கப்படவில்லை.

சட்டம் நிறைவேறுவது உறுதி என்ற செய்தியைக் கேட்டு மூன்று நாளில், 1833 யூலை 29 ஆந் திகதி வில்பர்போர்ஸ் காலமானார். ஆகஸ்ட் 28 இல் அரச சம்மதம் கிடைத்தது. சுமார் எட்டு இலட்சம் மக்கள் சட்டப்படி விடுதலை பெற்றனர். ஆனால், ஆறு வயதுக்கு மேற்பட்டோர் 'தொழில் பயில்வோர்' என்ற புதுப் பெயருடன் பழைய எசமானிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. 1838 ஆகஸ்டில்தான் அந்த ஏற்பாடு முடிந்தது. நட்டஈடும் வழங்கப்பட்டது. அடிமைகளுக்கன்று, எசமானர்களுக்கு. இரண்டு கோடிப் பவுண்! அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஐந்தில் இரு பங்கு அது. அதற்காகப் பட்ட கடன் முழுவதும் தீர்ந்தது 2015 ஆம் ஆண்டில். பெருந்தொகை பெற்றோருள் ஒருவரான ஜோன் கிளாட்ஸ்டன், பின்னாளில் நான்கு முறை பிரதம மந்திரியான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. ஒரு இலட்சத்து ஆறாயிரம் பவுணுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. அடுத்து அவர் செய்தது யாதெனில், 1838 இல் பிரித்தானிய கயானாவிலிருந்த தம் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தது.

ஊற்று எழுந்த 1865 ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியையும் அறிதல் நன்று. அவ்வாண்டு ஒக்டோபரில், யமேக்காவின் மொறன்ற் குடா என்னும் ஊரில், விடுதலை பெற்றோரின் மக்கள் நிலமும் நீதியும் கேட்டுத் திரண்டனர். போல் போகிள் அவர்களை நடத்திச் சென்றார். தேசாதிபதி எட்வேட் அயர் படையை ஏவினார். நானூறு பேருக்கு மேல் மாண்டனர். போகிளும், சட்டசபை உறுப்பினரான ஜோர்ஜ் வில்லியம் கோடனும் தூக்கிலேற்றப்பட்டனர். இக்கொடுமையை விசாரிக்க இங்கிலாந்தில் அமைந்த யமேக்காக் குழுவின் முதற் தலைவராக வந்தவர் யார்? நம் ஊற்றைக் கட்டிய சாள்ஸ் பக்ஸ்டனே. அவர் அயரைக் கண்டித்தார். ஆனால், அயர்மீது கொலைக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுக்க வேண்டுமென்று குழுவிற் பலர் நின்றபோது, அவ்வளவுக்குச் செல்ல அவர் உடன்படவில்லை. 1866 இல் தலைமையைத் துறந்தார். தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ருவேட் மில் அவ்விடத்துக்கு வந்தார். அயர் தண்டனை பெறவேயில்லை. சாள்ஸ் பக்ஸ்டனைக் கோழை என்றல் தகாது. குழுவின் தலைமையை ஏற்கவே அன்று துணிவு வேண்டியிருந்தது. ஆனால், விடுதலை தந்தோரைப் போற்றத் தெரிந்த நல்லோர், விடுதலை பெற்றோர் நீதி கேட்கும்போது எங்கே நின்றுவிடுகின்றனர் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இப்பொழுது நமக்குரிய தொடர்புக்கு வருவோம். 1833 ஆம் ஆண்டுச் சட்டம் 'பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகள் எங்கும்' என்று புகழப்படுவது. அதன் அறுபத்து நான்காம் பிரிவைப் படித்தோர் மிகச் சிலர். அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியிலுள்ள பிரதேசங்களுக்கும், புனித ஹெலனாத் தீவுக்கும், இலங்கைத் தீவுக்கும் செல்லாது என்று அப்பிரிவு கூறுகிறது. ஆம், இலங்கை பெயர் குறித்தே விலக்கப்பட்டது.

இலங்கையில் அடிமைகள் இருந்தனரா என ஐயுறுவோர், கொழும்பிலே கொம்பனித் தெருவுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பெயரை நினைக்க. அடிமைத் தீவு என்பது அதன் பொருள். ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. யாழ்ப்பாணத்து அடிமை முறையோ ஒல்லாந்தர் கொண்டுவந்ததன்று. 1707 ஆம் ஆண்டில் அவர்கள் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் தனியே உள. எசமான், அடிமை இருவரும் தமிழரே, ஒரே ஊரார், ஒரே கடவுளைக் கும்பிட்டோர். பிறந்த சாதியாலே அடிமைப்பட்டோர் நம் மண்ணில் இருந்தனர் என்பதை மறைத்தல் வரலாற்றுக்குத் துரோகம்.

பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஆகஸ்ட் 12 ஆந் திகதிக்குப்பின் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் எனக் கொள்ள அடிமையுடைமையாளர் பலர் இசைந்தனர். யாழ்ப்பாணத்தாரும் அவர்களுள் இருந்தனர். இங்கிலாந்து இளவரசரின் பிறந்த தினத்தை முன்னிட்டு அந்நாள் தெரிந்தெடுக்கப்பட்டது. எனினும், சட்டத்தின் கண்ணில் இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலே. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பத்தாண்டு பிந்தி! அங்கே போல ஊர் ஊராகக் கொண்டாட்டம் இங்கே நினைவிலில்லை. அந்நாளைக் குறிக்கும் தூணோ கிணறோ நாம் வைக்கவில்லை.

மற்றொரு வழியாலும் அந்தச் சட்டம் நம்மைத் தொட்டது. அடிமை உழைப்பு நீங்கியதும் மேற்கிந்தியத் தீவுகளிற் கோப்பிச் செய்கை தளர்ந்தது. அவ்விடத்தை நிரப்ப முன்வந்தது கண்டி மலைநாடு. 1830 களிலும் 1840 களிலும் காடுகள் வெட்டப்பட்டன; கோப்பி நடப்பட்டது; தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கங்காணிமாரின் கீழே கால்நடையாக வந்தனர். அடர்ந்த காட்டு வழியிலே நோயாலும் தாகத்தாலும் விழுந்து இறந்தோருக்குக் கணக்கில்லை. மொரீசியசுக்கும் நேத்தாலுக்கும் பீஜித் தீவுக்கும் கப்பலேறிய தமிழரின் கதையும் இதனோடு ஒட்டியதே. அடிமை என்ற பெயர் போயிற்று. கூலி என்ற பெயர் வந்தது. பக்ஸ்டனின் சங்கத்தார் ஒப்பந்தக் கூலி முறையையும் கண்டித்துப் பேசினர் என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

ஊற்றுக்குப் பின்னர் நேர்ந்த கதி என்ன? அது முதலில் நின்றது இப்பொழுதுள்ள பூங்காவிலன்று. பாராளுமன்றச் சதுக்கத்திலே, பெரும் ஜோர்ஜ் வீதி மூலையில். 1949 இல் அச்சதுக்கத்தைத் திருத்தி அமைத்தபோது, பல நிறமான இந்தப் பழைய மண்டபம் அழகுக்கு இடையூறு எனக் கருதிக் கழற்றினர். எட்டு ஆண்டுகள் அது எங்கும் நிற்கவில்லை. திரும்ப வைக்கவேண்டுமென்று பலர் வாதாடிய பின், 1957 இல் விக்டோரியா கோபுரப் பூங்காவில் நிறுவினர்.

அந்த 1957 ஆம் ஆண்டு நமக்கும் குறிக்கத்தக்க ஆண்டு. சாதியைக் காரணமாகக் கொண்டு பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், இலங்கைப் பாராளுமன்றத்தில் 21 ஆம் இலக்கச் சட்டமாக அவ்வாண்டே நிறைவேறியது. 1844 ஆம் ஆண்டுக்கும் 1957 ஆம் ஆண்டுக்கும் இடையே நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் விடுதலை பெற்றோருக்கு நம் ஊர்களிற் கிடைக்காத பொருள்களுள் முதன்மையானது எது? தண்ணீர்.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணக் கல்லின் அடியிற் கிடக்கும் நீரே குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும். கிணறு உடையவனே வாழ்வுடையவன். உறுதிகளிலே காணியோடு கிணற்றுப் பங்கும், துலாவும், வழிவாய்க்காலும் எழுதி வைப்பது அதனாலேதான். காணியில்லாதவனுக்குக் கிணறில்லை, சாதியிற் குறைந்தவன் எனப்பட்டவன் பிறர் கிணற்றைத் தொடலாகாது. அத்தகைய குடும்பத்துப் பெண்கள் குடத்துடன் கிணற்றடிக்குச் சற்றுத் தூரத்தே நின்று, உரியவர் யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த காட்சி நம் முதியோர் பலர் கண்ணாரக் கண்டது. தேநீர்க் கடைகளிலும் அப்படியே. மற்றையோருக்குக் கிளாசு, அவர்களுக்குப் போத்தல் அல்லது சிரட்டை. சங்கிலியில் தொங்கிய ஒரே குவளையில் இலண்டன் நகரத்தார் நீர் குடித்த 1859 ஆம் ஆண்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. 1957 ஆம் ஆண்டுச் சட்டமும் தானாக நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் சென்றோர் தடியடி பட்டனர். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்ததை, கோயிலை நேசிக்கும் நாம் எளிதில் மறக்கலாகாது. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். அப்பெயரின் காரணத்தை யாழ்ப்பாணத்தார் யாருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

இலண்டன் ஊற்றுக்கு மீள்வோம். பூங்காவில் வைத்தபின்னும் அதற்கு அமைதி கிட்டவில்லை. கூம்புகளில் நின்ற அரச உருவங்களில் நான்கை 1960 இல் கள்வர் கொண்டு போயினர். மற்றை நான்கும் 1971 இல் மறைந்தன. 1980 இல் கண்ணாடியிழையாற் செய்த உருவங்களை வைத்தனர்; அவையும் 2005 அளவிற் காணாமற் போயின. தண்ணீரும் நின்று போயிற்று. கரக்டக்கஸ் முதல் விக்டோரியா மகாராணி வரை எவரையும் கள்வர் விட்டு வைக்கவில்லை. அடிமைகளின் உருவம் ஒன்றேனும் இருந்திருந்தால் அதையும் கொண்டு போயிருப்பார்கள். அப்படியொன்று அங்கே இருந்ததில்லை.

1989 இல், 1839 ஆம் ஆண்டிலே தொடங்கிய அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் நூற்றைம்பதாம் ஆண்டை ஒட்டி ஒரு பலகை அங்கே சேர்க்கப்பட்டது. அடிமை வியாபாரம் விலக்கப்பட்டு இருநூறு ஆண்டு நிறைந்த 2007 ஆம் ஆண்டை முன்னிட்டு, முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திலிருந்து பழுது பார்த்து, மார்ச் 27 ஆந் திகதி மீண்டும் திறந்து வைத்தனர். அப்பூங்காவில் யூத இனப் படுகொலைக்குப் பெரும் நினைவகம் ஒன்று அமைக்கும் திட்டம் 2016 இல் அறிவிக்கப்பட்டபோது, பழைய ஊற்றின் தோற்றம் மறைந்துவிடுமோ என்ற கவலையும் எழுந்தது. ஒரு நினைவுச் சின்னத்துக்கு இடங்கொடுக்க மற்றொன்று ஒதுங்க வேண்டுமா என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றது. வழங்கிய அனுமதியை 2022 இல் உயர் நீதிமன்றம் தள்ளியது.

பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் காண இலண்டன் செல்லும் அன்பர்கள் நம்மிடையே பலர். வெஸ்ட்மினிஸ்டர் நிலக்கீழ் நிலையத்தில் இறங்கிப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து, பாராளுமன்ற மாளிகையின் முன்வழியே தெற்கு நோக்கி நடந்தால் சில நிமிடங்களில் விக்டோரியா கோபுரமும், அதற்கப்பால் ஆற்றோரத்துப் பூங்காவும் வரும். வண்ணக் கூரை தொலைவிலேயே தெரியும். அருகே சென்று எட்டுப் பக்கமும் சுற்றி வந்து, கல்லில் எழுதியுள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதாத பெயர்களுள் சாம் சார்ப், மேரி பிறின்ஸ் என்ற இரண்டையாவது அங்கே நின்று உரக்கச் சொல்லுங்கள். அறுபத்து நான்காம் பிரிவின் கதையையும் கேட்கும் வயது வந்த பிள்ளையாயின், நம் ஊர்க் கிணற்றடியில் குடத்துடன் காத்து நின்றோரின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.